கடற்காகமும் காகம்தான்

இராஜபாளையம்,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அனுசியாவுக்கு அப்பா பால்சாமி எழுதுவது. இந்தக் கடுதாசி உன் கைக்கு வரும்போது நீயும் மாப்பிள்ளை கிளாட்வினும் பேத்தி ஜெனிலாவும் சளி காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, மொத்தத்தில் சரிக்குச் சரி. உன் அத்தை செல்வலட்சுமி நன்றாக இருக்கிறாள். அவள் நன்றாக இருப்பது தெருவுக்கே கேட்கிறது. நேற்றுதானே போனில் பேசினோம், பிறகு கடுதாசி எதற்கு என்று நினைப்பாய். உன் அம்மா போனதிலிருந்து அத்தைதான் வந்து எனக்குச் சமைத்துப் போடுகிறாள் என்பது உனக்குத் தெரியும். நான் போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். போடாவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்பு இருக்காது. அவளுக்குத் தெரியக்கூடாத ஒன்று இதில் இருப்பதால்தான் பேனாவை எடுத்தேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. மாப்பிள்ளையிடம் சொல்லலாம், அவர் வாய் பெரிது இல்லை.

முதலில் ஊர்ச் செய்தி. நான் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனியில் பழைய தறிகளைக் கழற்றிவிட்டுப் புதியது போட்டிருக்கிறார்கள், அது ஓடவில்லை, என்னைக் கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தேன், எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மலைப் பக்கம் தினமும் இருட்டிக்கொண்டு வருகிறது, மழை தேவதானத்தோடு நின்றுவிடுகிறது. உன் அம்மா பிறந்த ஊர் என்பதால் மழையும் அங்கேயே தங்கிவிடுகிறது போல. நீ அனுப்பிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தேன், ஊட்டிக்கு டூர் போகிற ஆள் மாதிரி இருக்கிறேன், மடித்து வைத்துவிட்டேன். இனிமேல் அனுப்பாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் முதல் வருஷத் திதி நல்லபடியாக முடிந்தது என்று போனில் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் நீ கேட்டது அது இல்லையே. என் பேரில் ஒரு உருண்டை வைங்கப்பா, அம்மா எடுத்தாங்களா இல்லையான்னு உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, எனக்காகப் பொய் சொல்லாதீங்க என்று என் போனுக்கு எழுதி அனுப்பிக் கேட்டாய். நீ கிளாட்வினைக் கட்டிக்கொண்ட அன்று உன் அம்மா நடுவீட்டில் நின்று, நான் செத்தாலும் அவ கையால ஒரு வாய்ச் சோறு வாங்கமாட்டேன் என்று சொன்னதை நான் கேட்டேன், அத்தை கேட்டாள், எதிர்வீட்டு முனீஸ்வரி கேட்டாள். வேறு எந்தச் செய்தி போகாவிட்டாலும் இப்படிப்பட்ட செய்தி நீ இருக்கிற அயர்லாந்து வரைக்கும் தானாகப் போய்விடுகிறது. அதன் பிறகு அவள் உன்னிடம் பேசாமலே போய்ச் சேர்ந்தாள். நீ கைப்பிள்ளையோடு வர முடியாமல் கிடந்தாய். பதினாறாம் நாள் மொட்டை மாடியில் இலை போட்டுக் கூப்பிட்டபோது காக்கா வந்தது, நம் இலையை ஒரு சுற்று நடந்து பார்த்தது, பிறகு பக்கத்து மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மதினிக்கு மனசுக்குள்ள குறை இருக்கு, எல்லாம் அவளாலதான் என்று அத்தை அன்று சொன்னதை இந்த ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் நீ நெஞ்சில் போட்டுக்கொண்டு, தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போகிறாய் என்று மாப்பிள்ளை என்னிடம் தனியாகச் சொன்னார். இங்கிருந்து நான் என்ன செய்ய முடியும்? சாப்பிடு என்று சொல்லலாம். நீ என்றைக்கு என் பேச்சைக் கேட்டாய்?

திதியை எங்கே கொடுப்பது என்று ஒரு பெரிய பேச்சு நடந்தது. மாடியில் கொடுத்தால் மறுபடியும் வடகத்துக்குப் போய்விடும் என்று அத்தைக்குப் பயம். மடவார் வளாகத்தில் ஜோசியம் பார்க்கிறவர், ஆறு கடலோடு சேருகிற இடத்தில் கொடுத்தால் எந்தக் குறையும் தீரும் என்றார். உன் மாமா சுப்புராஜ், இங்கிருந்து பேண்டேஜ் பண்டல்களைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வேனில் ஏற்றிப் போகிறவனில்லையா, அவன் உடனே, அத்தான், தாமிரபரணி கடல்ல விழுற எடம் எனக்குத் தெரியும், அங்கன கஸ்பார்னு தோணிக்காரர் நமக்குப் பழக்கம் என்று சொல்லிவிட்டான். இராமேஸ்வரத்துக் கூட்டத்துக்கு இது மேல் என்று நானும் தலையாட்டினேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் கடைவீதிக்குப் போய்க் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். அம்மா போன பிறகு இந்த வீட்டுக்குள் கருவாடு வரவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. திருவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் அத்தைக்கும் அம்மாவுக்கும் பந்தியில் சண்டை வந்து, இனி செத்தாலும் உன் வீட்டுச் சோத்தைத் தொடமாட்டேன் என்று அம்மா சத்தியம் பண்ணிவிட்டு வந்தாள். அடுத்த வாரமே அத்தை சமாதானத்துக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் கொடுத்துவிட்டாள். உன் அம்மா அதைச் செத்த நேரம் பார்த்தாள். பொறவு, கருவாடு கடலுதுதானே, அவ வீட்டுது ஒண்ணும் இல்லையே என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சட்டியை வழித்துச் சாப்பிட்டாள். புரட்டாசி முழுக்க மீன் வாடையே ஆகாது என்று இருந்துவிட்டு, கடைசிச் சனிக்கிழமை திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை மலையேறிப் பெருமாளைக் கும்பிட்டு இறங்கியதும் அவள் முதலில் கேட்பது பெருமாள் பிரசாதத்தை இல்லை. அவள் கோபத்தையும் சத்தியத்தையும் நான் முப்பது நாற்பது வருஷம் பார்த்தவன். கருவாட்டுக்கு முன்னால் அது நின்று நான் பார்த்ததில்லை.

ஆனால் திதிச் சோற்றில் கருவாடு என்றால் அத்தை என்னையும் சேர்த்து ஆற்றில் விட்டுவிடுவாள். அதனால் ஒரு பிடியைப் பேண்டேஜ் துணியில் நாலு சுற்றுச் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பேண்டேஜ் துணி இரத்தத்தை உறிஞ்சும், வாடையை உறிஞ்சாது என்பதை இத்தனை வருஷ சர்வீசில் அன்றுதான் தெரிந்துகொண்டேன். கோவில்பட்டி தாண்டுவதற்குள் அத்தை மூக்கைச் சுளித்து, ஏலே சுப்பு, வேனுக்குள்ள எலி செத்துக் கிடக்கு என்றாள். அவன் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு சீட்டுக்கடியில் எல்லாம் தேடினான். நானும் இறங்கி அவனோடு சேர்ந்து தேடினேன்.

அந்த இடத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். வழியெல்லாம் உப்பளம், அதைத் தாண்டினால் ஆறு அகலமாகி, இதற்கு மேல் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி மெதுவாகக் கடலுக்குள் போகிறது. நடுவில் ஒரு மணல் திட்டு. கஸ்பார் எங்களைத் தோணியில் ஏற்றி அங்கே இறக்கினார். காற்று என்றால் அப்படிக் காற்று. அத்தை பேசுவது பக்கத்தில் நிற்கிற எனக்கே கேட்கவில்லை, அந்த வகையில் நல்ல இடம். கடலில் தாழ்வுநிலை என்று யாரும் தொழிலுக்குப் போகவில்லை, படகுகள் எல்லாம் கரையில் கிடந்தன. மந்திரம் சொல்ல வந்தவர் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வேகமாகச் சொல்லி முடித்து, இனி காக்கா எடுத்தால் சரி என்று எங்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தோணியில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு, சுப்புராஜுக்கு, தனக்கு என்று அத்தை மூன்று உருண்டை பிடித்து வைத்திருந்தாள். அவள் சேலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் மிச்சச் சோற்றில் கருவாட்டை வைத்து நாலாவது ஒன்றைப் பிடித்தேன். உனக்குத் தெரியும், எனக்குக் கையில் உருண்டை நிற்காது, அது ஒரு பக்கம் வீங்கின மாதிரி வந்தது. இலை ஓரத்தில் வைத்து, மனசுக்குள் உன் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சுடலை, இது உன் மக அனுசியா கொடுக்கது என்று சொன்னேன். அத்தை பார்த்துவிட்டு இது என்னண்ணே என்றாள். கூட ஒண்ணு இருக்கட்டும் என்றேன்.

பிறகு காக்காவுக்காக நின்றோம். அந்த ஊர்க் காக்காய்கள் விவரமானவை, காற்றுக்குப் பயந்து கரையில் வலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தன. நாங்கள் கா கா என்று கத்தினால் காற்று அந்தச் சத்தத்தைக் கரையையும் தாண்டி அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒரே ஒரு காக்கா பெரிய மனசு பண்ணி எங்களைப் பார்த்துக் கிளம்பி வந்தது. பாதி ஆறு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் சிறகை அடிக்க அடிக்க வண்டி ரிவர்ஸில் போகிற மாதிரி பின்னாலேயே போய்க் கரைக்கே போய்விட்டது. அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் நான் மற்றப் பறவைகளைப் பார்த்தேன். அதுவரைக்கும் அவை இருந்தது எனக்குத் தெரியவே இல்லை, நான் காக்காவைத் தேடிக்கொண்டிருந்தேன். வடக்கிலிருந்து தெற்கே அலையைத் தொடுகிற உயரத்தில் கடற்பறவைகள் வந்துகொண்டே இருந்தன அனுசியா. ஐந்தாறாக வரும், செத்த நேரம் ஒன்றும் இருக்காது, பிறகு ஒரு பெருங்கூட்டமாக வரும். கூர்மையான சிறகும் பிளந்த வாலுமாக வெள்ளை வெளேரென்று இருப்பது ஆலாவாம், கஸ்பார் சொன்னார். அது காற்றுக்கு எதிராக ஒரே இடத்தில் நின்று தண்ணீரைக் குனிந்து பார்க்கிறது, பிறகு கல்லைப் போட்ட மாதிரி தலைகீழாக விழுந்து மீனோடு எழுந்திருக்கிறது. அதைவிடப் பெரியதாக, சாம்பல் சிறகும் சிவந்த மூக்குமாக ஒன்று பின்னாலேயே துரத்திப் போய் ஆலா வாயிலிருந்து மீனைப் பிடுங்கித் தின்கிறது. அதுதான் கடற்காகம், அவர்கள் கடக்காக்கா என்கிறார்கள். உங்கள் ஊரில் கையில் இருக்கிற தீனியைப் பிடுங்கிக்கொண்டு போகும் என்று நீ சொன்ன பறவையின் சொந்தக்காரனாக இருக்கும், புத்தி அதேதான். களைத்துப்போனவை எல்லாம் திட்டின் அடுத்த முனையில் இறங்கி உட்கார்ந்தன. பெரியது சின்னது, திருடினது பறிகொடுத்தது எல்லாம் ஒன்றாக, ஒன்றுகூடத் திரும்பாமல் காற்று வருகிற திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. அலை ஓரத்தில் உள்ளான் குருவிகள் அலை வந்தால் ஓடுவதும் போனால் திரும்பி வருவதுமாக ஒரு வேலையாக இருந்தன. காத்து இல்லாத நாள்ல இதுக வெளிக்கடல்லயே போயிரும், கெழக்க இருந்து கொண்டக்காத்து அடிச்சாத்தான் ஆத்து வாயை ஒட்டிப் போவும், நீங்க நல்ல நாளாப் பாத்து வந்திருக்கிய என்றார் கஸ்பார். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும், இருந்தாலும் சொன்னார். நானும் செத்த நேரம் அதை மறந்துவிட்டேன். எவ்வளவு தூரத்திலிருந்து வருகின்றனவோ, யாரைப் பார்க்கப் போகின்றனவோ தெரியாது, அப்படி ஒரு காற்றில் ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை. நீ போன வருஷம் வர முடியாமல் போனில் அழுதது நினைவுக்கு வந்தது. உன் அம்மா பக்கத்தில் நின்று இதையெல்லாம் பார்த்திருக்கலாமே என்றும் இருந்தது. பார்த்திருந்தால் காது அடைக்கிறது, வீட்டுக்குப் போவோம் என்றுதான் சொல்லியிருப்பாள். இருந்தாலும் அவள் இருந்திருக்கலாம்.

காக்கா வராததால் அத்தை வேறு வழிக்குப் போனாள். செத்தவர்களுக்கு என்ன குறையோ அதைத் தீர்த்து வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தால் எடுத்துக்கொள்வார்களாம். மதினி, உன் இட்லிக் கொப்பரை எங்கிட்டதான் இருக்கு, திருப்பிக் கொண்டாந்து வச்சிருதேன், எடுத்துக்கோ என்று அவளே ஆரம்பித்தாள். அந்தக் கொப்பரையை அம்மா எத்தனை வருஷமாகத் தேடினாள் என்பது உனக்குத் தெரியும். சுப்புராஜ், எக்கா, இனி குடிக்க மாட்டேன் என்றான். அத்தை அவனை முறைத்தாள், தீவாளிக்கு மட்டும் என்று சேர்த்துக்கொண்டான். என்னைச் சொல்லச் சொன்னார்கள். நான் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன் என்றேன். ஒன்றும் வரவில்லை. ஒருவரும் உன் பேரை எடுக்கவில்லை அனுசியா. மூன்று பேருக்கும் அதுதான் மனசில் இருந்தது, கொப்பரை வரைக்கும் வந்தோம், அதற்கு மேல் வரவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. போதும் கிளம்புவோம், அவ பசியோட இருந்தா இருந்துட்டுப் போறா என்று சொல்லிவிட்டுத் தோணியைப் பார்த்து நடந்தேன்.

முதுகுக்குப் பின்னால் அத்தை கத்தினாள். திரும்பினால் ஒரு கடற்காகம் இலைக்கு மேலே காற்றில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சிறகை அடிக்கவில்லை, மேலே இருந்து கட்டித் தொங்கவிட்ட மாதிரி நின்று நாலு உருண்டையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. அத்தை பிடித்தவை உருண்டையாக, வரிசையாக, போட்டோ எடுக்கலாம் போல இருந்தன. அது இறங்கி அந்த மூன்றையும் தாண்டி நடந்து வந்து, வீங்கினதை மட்டும் வாயில் கவ்விக்கொண்டு எழுந்து தெற்கே போய்விட்டது. மற்ற எதையும் தொடக்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று சொன்னேன், மண்ணும் விழுந்துகொண்டுதான் இருந்தது.

சுப்புராஜ்தான் கேட்டான், அத்தான், இது காக்காதானா, வெள்ளையால்லா இருக்கு என்று. கஸ்பார், கடக்காக்காவும் காக்காதானே, எங்க ஊர்ல பேரே அதுதான் என்றார். நான் அத்தையைப் பார்த்தேன். செல்லாது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஊரில் செல்லாது, அதுவும் உனக்குத் தெரியும். அவள் திட்டு முனைக்குப் போய், அங்கே உட்கார்ந்திருந்த கடற்காகங்களைக் கண்ணுக்கு மேல் கையை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். திரும்பி வந்து, காதுகிட்ட கறுப்பு இருக்குண்ணே, எல்லாத்துக்கும் இருக்கு, காக்காதான் என்றாள். பிறகு நானும் பார்த்தேன், இருக்கிறது, கண்ணுக்குப் பின்னால் திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரி ஒரு கறுப்பு. அவளுக்கும் மதினி சாப்பிடவேண்டும் என்றுதான் இருந்திருக்கிறது, இத்தனை நாளாக நான்தான் வேறு மாதிரி நினைத்துவிட்டேன். இலையை எடுக்கக் குனிந்தவள் மிச்சம் இருந்த மூன்றையும் பார்த்துவிட்டு, போனது யாருதுண்ணே என்று கேட்டாள். உன் மருமகளுது என்றேன். இலையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். நான் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன். கடல் வாடை அடிக்கி என்று சொல்லித் தண்ணீரில் விட்டுவிட்டாள்.

எட்டயபுரம் வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. வண்டி ரிப்பேரோ என்று சுப்புராஜ் பயந்துவிட்டான். பிறகு, ஏண்ணே, அவ பிள்ளைக்குப் பேரு ஜெனிலாவா, ஜெலீனாவா என்று கேட்டாள். சொன்னேன். வாயில நுழையாத பேரா வச்சிருக்கா என்றாள். அதற்குப் பிறகு வீடு வரும்வரைக்கும் அதைச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தாள். நேற்று போனில் ஸ்பீக்கரில் குறுக்கே வந்து பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டாளா என்று கேட்டது அதனால்தான். நீ பதில் சொல்லாமல் திகைத்துவிட்டாய். அடுத்த முறை சொல். இட்லிக் கொப்பரையும் வந்துவிட்டது, அடி ஓட்டையாக இருக்கிறது.

உள்ளதைச் சொல்லச் சொன்னாய், சொல்லிவிட்டேன். அந்தப் பறவை கருவாட்டுக்காக வந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, நீயும் படித்தவள், உனக்கும் இருக்காது. ஆனால் உன் அம்மாவும் கருவாட்டுக்காகத்தான் வந்திருப்பாள். இதில் எது அது, எது அவள் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் நினைத்துப் பார், அவள் சொன்னது உன் கையால் வாங்கமாட்டேன் என்றுதான். வைத்தது என் கை. கேட்டால் அவளே இந்தச் சட்டத்தைத்தான் பேசுவாள். உன்னோடு பேசாமல் இருந்த காலத்திலும் என் போனில் உன் ஊர் வானிலையைத் தினமும் பார்க்கச் சொல்வாள், அங்க மழையாமே என்பாள், யாருக்கு மழை என்று சொல்லமாட்டாள். அவளுக்கு உன்மேல் கோபம் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கோபம் மட்டும் இருந்தது என்று சொன்னால்தான் அது பொய்.

அதனால் இனிமேல் தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திரு. இரவு வேலை முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வா. பிள்ளைக்கு வாரம் ஒரு நாள் எண்ணெய் தேய், அந்த ஊர் வெயிலுக்குக் காத்திருந்தால் அவளுக்குக் கல்யாணமே ஆகிவிடும். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து இருக்க வேண்டும், ஆண்டாளும் மாப்பிள்ளை வீட்டார் கும்பிடும் கர்த்தரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். கடுதாசியைக் கிழிக்க மறந்துவிடாதே.

அடுத்த ஐப்பசிக்கு லீவு போட்டுக்கொண்டு வா. அந்தத் திட்டில் நீயே உன் கையால் வை. எடுக்கிறாளா இல்லையா என்று பார்த்துவிடுவோம். கருவாட்டை நான் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டிருக்கும் உன் அப்பா,
பால்சாமி.